வீட்டுப் பட்டறைக்கு ஒரு பேண்ட்சா: வாங்குவதிலிருந்து முதல் பலகை அறுப்பது வரை

எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது ஒரு தேக்கு உத்தரம் என் பங்குக்கு வந்தது. ஏழடி நீளம், 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். அடுப்புப் புகை ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு மூலையில் இழைப்புளியை நாலு தரம் ஓட்டினதும் உள்ளே தேன் நிறத்தில் வைரம் தெரிந்தது. அதை மெல்லிய பலகைகளாக அறுத்து ஓர் அலமாரிக்கு முகப்புச் செய்ய ஆசைப்பட்டேன். சாமில்லில் வாங்க மறுத்துவிட்டார்கள். பழைய மரத்தில் ஆணி இருக்கும், அவர்களுடைய பிளேடு வீணாகிவிடும் என்றார்கள். அது நியாயம்தான். டேபிள் சாவில், அதாவது மேசையில் பொருத்திய வட்ட ரம்பத்தில் அறுக்கலாம், ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் மரம் தூளாகப் போய்விடும்.

அந்த 3 மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். 50 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டையிலிருந்து 6 மில்லிமீட்டர் பலகைகள் எடுக்கிறோம் என்று வையுங்கள். வட்ட ரம்பத்தில் 5 பலகை கிடைக்கும். பேண்ட்சா, அதாவது மேலும் கீழுமாக உள்ள இரண்டு சக்கரங்களில் பெல்ட்போல் ஓடும் பட்டை ரம்பம், வெட்டுக்கு 1 மில்லிமீட்டர் மட்டும் எடுக்கும், அதில் 7 கிடைக்கும். இனி வாங்கவே முடியாத மரத்தில் இரண்டு பலகை என்பது சின்ன விஷயமில்லை. அதற்காகத்தான் நான் பேண்ட்சா வாங்கினேன்.

வாங்கிய பிறகு சில வருடங்களில் நான் கண்டது இது. பேண்ட்சா வாங்கி ஆறே மாதத்தில் மூலையில் தள்ளிவிட்டவர்கள் நிறைய. "நேரா அறுக்க மாட்டேங்குது" என்பார்கள். போய்ப் பார்த்தால் பெட்டியோடு வந்த பிளேடே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பிளேடை விலகாமல் பிடிக்கும் கைடுகளை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். நடுத்தரமான இயந்திரம் போதும். நல்ல பிளேடு ஒன்றும், பொறுமையாகச் சரிசெய்ய ஒரு முழு மதியமும் வேண்டும். அந்த மதியத்தை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி.

எந்த அளவு வாங்குவது

பேண்ட்சாவை அங்குலத்தில் சொல்வார்கள்: 9, 10, 12, 14, 18. அது சக்கரத்தின் விட்டம். பிளேடுக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையே உள்ள அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு, சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் வாங்கும்போது அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது இன்னோர் எண்: மேசையிலிருந்து மேல் கைடு வரை எவ்வளவு உயரம் ஏறும்? எவ்வளவு அகலமான பலகையை நிறுத்தி வைத்துப் பிளக்கலாம் என்பதை அந்த உயரம்தான் தீர்மானிக்கும்.

மேசை மேல் வைக்கும் 9, 10 அங்குல இயந்திரங்களில் இது பெரும்பாலும் மூன்றரை, நாலு அங்குலம்தான். பொம்மை, கரண்டி, சின்னப் பெட்டி, வளைவு வேலை செய்பவருக்கு அது போதும், இடமும் அடைக்காது. பலகை அறுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 14 அங்குலத்துக்குப் போய்விடுங்கள். சின்னதை வாங்கிவிட்டு அடுத்த வருடம் பெரிதைத் தேடுவது இரட்டைச் செலவு.

14 அங்குலத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, 1930களில் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் கொண்டுவந்த வார்ப்பிரும்பு வடிவம். இன்றுவரை பல நாடுகளில் அதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். அதில் உயரம் 6 அங்குலம். நடுவில் ஒரு வார்ப்புக் கட்டையைச் செருகி 12 அங்குலமாக உயர்த்தலாம், ஆனால் அதற்கு நீளமான வேறு பிளேடு வேண்டும். இன்னொன்று, கனத் தகட்டை மடித்துப் பற்றவைத்த ஸ்டீல் உடம்பு. இதில் பிறந்ததிலிருந்தே 10 அங்குலத்துக்கு மேல் உயரம் கிடைக்கும், பிளேடை இறுக்கினால் உடம்பு வளைவதும் குறைவு. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் ஸ்டீல் உடம்பைத்தான் எடுப்பேன். நல்ல நிலையில் பழைய வார்ப்பிரும்பு கிடைத்தால் அதையும் விடமாட்டேன். அதன் கனமே அதிர்வைக் குடித்துவிடும்.

மோட்டார் விஷயத்தில், வளைவு வேலைக்கு அரை எச்.பி. தாங்கும். 6 அங்குலத் தேக்கைப் பிளக்க 1 எச்.பி. வேண்டும், ஒன்றரை இருந்தால் நிம்மதி. உள்ளூரில் செய்யும் இயந்திரங்களுக்குச் சில கடைகளில் மோட்டார் இல்லாமலே விலை சொல்வார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வீடு மாறி வந்தவர்கள் மலிவாக விற்பதும் உண்டு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் 230 வோல்ட்டுக்கு மாற்றிக் கட்டக்கூடியதாக இருந்தாலும் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் ஓடும். 110 வோல்ட் மட்டும் என்றால் மோட்டாரையே மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

பழைய இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது

ஒரு டார்ச், ஒரு மூலைமட்டம், நேரான ஓர் அலுமினியப் பட்டை, இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு கதவுகளையும் திறக்கச் சொல்லிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சக்கரம் பக்கவாட்டில் ஆடக்கூடாது. பேரிங் கரகரக்கக்கூடாது, கரகரத்தாலும் அது மலிவாக மாற்றக்கூடிய பொருள்தான். சக்கரத்தின் மேல் ஒட்டியுள்ள ரப்பர் டயர் வெடித்திருந்தாலும் மாற்றலாம். ஆனால் மேசையைத் தாங்கும் வார்ப்பில் விரிசல், மேல் சக்கரம் சாயும் கீலில் தேய்மானம், கைடுத் தூண் வளைந்திருத்தல், இவற்றில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். பிளேடை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் ஸ்பிரிங்கையும் பாருங்கள். வருடக்கணக்கில் இறுக்கியபடியே விட்டிருந்தால் அமுங்கிச் செத்திருக்கும்.

அப்புறம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேசையில் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தால் அதிர்வு எவ்வளவு என்று தெரிந்துவிடும். விழுந்தாலும் பதற வேண்டாம். பெல்ட் பழசாகி ஒரே வடிவத்தில் இறுகிப்போயிருந்தாலே அப்படி ஆடும்.

கரண்டு இணைப்பு

இதை அலட்சியமாக விடாதீர்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர் எடுக்கும், கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஃபேன், லைட்டுக்குப் போட்ட சின்ன பிளக் பாயின்ட் இதற்கு ஆகாது. பெட்டியிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், நல்ல எர்த், 16 ஆம்பியர் சாக்கெட், மோட்டாருக்கான சி-வகை எம்.சி.பி. எல்லாம் எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் குறைகிற பகுதியென்றால் மோட்டார் கிளம்பாமல் உறுமும். உறுமுகிற மோட்டாரை இரண்டு நொடிக்கு மேல் விடாதீர்கள், சுருள் கருகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் கரண்டு போகும், வரும். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்விட்டது, நீங்கள் பிளேடில் சிக்கிய கட்டையைக் கையால் எடுக்கிறீர்கள், கரண்டு வந்துவிட்டது. சாதாரண சுவிட்ச் என்றால் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கிவிடும். கிணற்று மோட்டாருக்குப் போடுகிற, பச்சை சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் பெட்டி தெரியுமல்லவா? உள்ளே காந்தச் சுருள் உள்ள அந்த வகை ஸ்டார்ட்டர் கரண்டு போனதும் இணைப்பை விட்டுவிடும். திரும்பப் பச்சையை அமுக்கினால்தான் ஓடும். உங்கள் பேண்ட்சாவில் அப்படிப்பட்ட சுவிட்ச் இல்லையென்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள். வயல்காட்டில் மாட்டுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது நமக்கு எமன்.

இடத்தைப் பொறுத்தவரை, ஆறடிப் பலகை அறுக்க வேண்டுமென்றால் பிளேடுக்கு முன்னால் ஆறடி, பின்னால் ஆறடி வேண்டும். பட்டறை சின்னதென்றால் வாசலுக்கு நேராக வைத்து, நீளமான மரம் வெளியே போகட்டும். தரை மேடுபள்ளமாக இருந்தால் ரசமட்டம் வைத்து ரப்பர் அட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

பிளேடு

பேண்ட்சாவின் கதையே பிளேடின் கதைதான். லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808லேயே இப்படி ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சக்கரத்தில் ஓயாமல் வளைந்து நிமிரும் பட்டையை ஒட்டு விடாமல் இணைக்க அப்போது யாருக்கும் தெரியவில்லை. அதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சுக்காரர்கள் சாதித்த பிறகுதான் பேண்ட்சா பட்டறைகளுக்குள் வந்தது. இன்றும் பிளேடு வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது அந்த ஒட்டைத்தான். விரல் நகத்தால் பிளேடின் முதுகைத் தடவிக்கொண்டே போனால், ஒட்டு இருக்கும் இடத்தில் படி தட்டக்கூடாது. தட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பின் பேரிங்கில் "டக் டக்" என்று இடிக்கும். லேசான படியென்றால் மெல்லிய அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஒட்டே கோணலென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது: சக்கர விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கைக் கூட்டுங்கள். அளக்கும்போது மேல் சக்கரம் தன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிற்க வேண்டும். சாதாரண 14 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரத்தில் இது பெரும்பாலும் தொண்ணூற்று மூன்றரை அங்குலம் வரும். பிளேடைச் சுருளிலிருந்து வெட்டி ஒட்டித் தரும் கடைகளில் இந்த எண்ணைச் சொன்னால் போதும்.

அகலத்தை ஆசாரிமார் பேச்சில் நூல் கணக்கிலேயே சொல்கிறேன், 8 நூல் ஓர் அங்குலம். 2 நூல் பிளேடு ஏறக்குறைய 5 நூல் ஆரமுள்ள வளைவு வரை திரும்பும். 3 நூல் பிளேடு ஒன்றரை அங்குல ஆரம். 4 நூல், அதாவது அரை அங்குலப் பிளேடு, இரண்டரை அங்குல ஆரம். நேராகப் பிளப்பதற்கு அகலமான பிளேடு நல்லது, ஆனால் அதற்கு எல்லை உண்டு. 14 அங்குல இயந்திரத்தில் முக்கால் அங்குலப் பிளேடு போகும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். போகும், ஆனால் அதை முழுதாக இறுக்க ஸ்பிரிங்குக்குத் தெம்பிருக்காது. தளர்ந்த முக்கால் அங்குலத்தைவிட நன்றாக இறுகிய அரை அங்குலம் நேராக அறுக்கும்.

பல் எண்ணிக்கை இதைவிடப் பெரிய விஷயம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதை டி.பி.ஐ. என்பார்கள். அறுக்கும் மரத்துக்குள் எந்நேரமும் குறைந்தது 3 பல்லாவது இருக்க வேண்டும். அதற்காக ஏராளமாக இருந்தாலும் கெடுதல், பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொண்டு பிளேடு சூடேறி வழி மாறிவிடும். 4, 6 அங்குல உயரத்தைப் பிளக்க 3 டி.பி.ஐ., பல் முன்பக்கம் கொக்கிபோல் சாய்ந்தது. பொதுவேலைக்கு 4 அல்லது 6. அரை அங்குலத்துக்குக் குறைந்த மெல்லிய பலகையில் வளைவு என்றால் 10க்கு மேல்.

கவனிக்க வேண்டியது: ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைப்பது இரும்பு அறுக்கும் பிளேடு. பொடிப் பல், கனமும் பெரும்பாலும் 0.9 மில்லிமீட்டர். 14 அங்குலச் சக்கரத்தில் அந்தக் கனம் வளைந்து வளைந்து சீக்கிரம் விரிசல் விடும். நமக்கு 0.6 மில்லிமீட்டர் கனமே சரி. மரத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

தேக்கில் சிலிக்கா உண்டு, பல்லைச் சீக்கிரம் மழுக்கும். சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடு மலிவு. மாமரம், வேம்பு, பலா என்றால் நன்றாகவே உழைக்கும். தேக்கு, வேங்கை, கருவேலம் அறுப்பவர்கள் பல் விளிம்பு மட்டும் கடினமான வேறு எஃகால் ஆன பைமெட்டல் பிளேடுக்கு ஒருமுறை கூடுதலாகச் செலவழித்துப் பாருங்கள். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். ஆணி இருக்குமோ என்று சந்தேகமுள்ள மரத்துக்கு மலிவானது, சுத்தமான மரத்துக்கு நல்லது.

அந்த ஒரு மதியம்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக் உங்கள் கண்ணெதிரே மேசை மேல் கிடக்கட்டும்.

இருக்கிற பிளேடைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைத் துடையுங்கள். புதிய இயந்திரத்தில் துருப் பிடிக்காமல் பூசியிருக்கும் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் எடுத்துவிடலாம், ஆனால் ரப்பர் டயரில் படக்கூடாது. பழைய இயந்திரமென்றால் டயரில் தூளும் பிசினும் படிந்து மேடுகட்டியிருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு மரச்சீவலால் சுரண்டி எடுங்கள். டயர் நடுவில் சற்றே மேடாக, ஆமை முதுகுபோல் இருக்கும். அந்த மேடுதான் பிளேடை ஓரம் போகவிடாமல் பிடித்துவைக்கிறது.

*பிளேடு மாட்டுவது.* புதுப் பிளேடு மூன்று வளையமாகச் சுருட்டிக் கட்டியிருக்கும், கட்டை அவிழ்த்ததும் பாம்பு மாதிரித் துள்ளி விரியும். தடித்த கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை நன்றாக நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவிழுங்கள். கையுறை இந்த வேலைக்கு மட்டும்தான், இயந்திரம் ஓடும்போது போடவே கூடாது. மேசையின் பிளவு வழியாகப் பிளேடை நுழைத்து இரு சக்கரங்களிலும் போடுங்கள். மேசைப் பக்கம் வரும் பல் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். எப்படித் திருப்பிப் பிடித்தாலும் பல் மேல்நோக்கியே நிற்கிறதா? பிளேடு உள்வெளியாகப் புரண்டிருக்கிறது. கழற்றி, சட்டையைப் புரட்டுவது போல் அதை முறுக்கிப் புரட்டுங்கள், சரியாகிவிடும்.

மாட்டுவதற்கு முன் மேலும் கீழும் உள்ள கைடுகளை எல்லாம் பிளேடைத் தொடாதபடி பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் அடுத்து வரும் எதுவும் சரியாக வராது, பிளேடு எங்கே ஓட விரும்புகிறது என்றே தெரியாது.

*தடம் பிடிப்பது.* பிளேடு நழுவாத அளவு லேசாக இறுக்கிவிட்டு, மேல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடு முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். பின்னால் இருக்கும் திருகு மேல் சக்கரத்தைச் சாய்க்கும். கால் சுற்றுத் திருப்பி, பத்துச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், பிறகு அடுத்த கால் சுற்று. என் வழக்கம், பற்களுக்கிடையே உள்ள பள்ளத்தின் அடி மேல் சக்கரத்தின் நடு மேட்டில் வருமாறு நிறுத்துவது. அப்படி வைத்தால் வெட்டு ஒருபக்கம் இழுப்பது பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று நேர்ப்பட்டை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், ஆனால் பிளேடு நிலையாக ஓடினால் ஒரு நூல் வித்தியாசத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றி வாஷர் போட வேண்டாம்.

*இறுக்குவது.* ஸ்பிரிங் பக்கத்தில் இருக்கும் அளவுகோலை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். அதை ஓர் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேல் கைடை 6 அங்குலம் உயர்த்திவிட்டு, பிளேடின் பக்கவாட்டில் விரலால் ஓரளவு அழுத்துங்கள். 2 நூலுக்கு மேல் வளைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த சாமில் பெரியவர் ஒருவர், பிளேடைக் கட்டைவிரலால் சுண்டிக் காதைக் கிட்டே கொண்டுபோவார். தளர்ந்த பிளேடு தொப்பென்று பேசும், இறுகினது ரீங்கரிக்கும். ஒருநாள் நான் வெட்டு வளைகிறதே என்று மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தபோது, பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "கூர் செத்த ரம்பத்த எவ்வளவு இறுக்கினா என்ன தம்பி?" என்றார். அன்றே பிளேடை மாற்றினேன், வெட்டு நேரானது.

முழுதாக இறுக்கியபின் தடத்தை மறுபடி பாருங்கள், கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

*மேசை.* மூலைமட்டத்தைப் பிளேடின் பக்கத்தில் வைத்து, மேசையை 90 பாகைக்குக் கொண்டுவாருங்கள். மட்டம் பல்லில் படாமல், பற்களுக்குப் பின்னால் தட்டையான இடத்தில் பட வேண்டும். சரிதானா என்று சோதிக்க மூலைமட்டத்தை நம்பாத வழி ஒன்று உண்டு. 3 அங்குல உயரமுள்ள சதுரக் கட்டையில் ஓரிடத்தில் கால் அங்குல ஆழத்துக்கு அறுத்துவிட்டு, இயந்திரத்தை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கட்டையைத் தலைகீழாகப் புரட்டி அந்த வெட்டைப் பிளேடின் முதுகோடு பொருத்துங்கள். முதுகு வெட்டுக்குள் சுகமாக நுழைந்தால் மேசை சரி. இடித்தால் அந்தக் கோணல் இரண்டு மடங்காகத் தெரிகிறது, பாதி திருத்தினால் போதும். சரியானதும் மேசைக்கு அடியிலுள்ள நிறுத்துத் திருகைப் பூட்டிவிடுங்கள்.

*கைடுகள்.* முதலில் பின் பேரிங். அதற்கும் பிளேடின் முதுகுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு போகும் இடைவெளி. சும்மா ஓடும்போது அது சுழலக்கூடாது, மரம் பட்டதும்தான் சுழல வேண்டும். அடுத்து பக்கக் கைடுகள். அவற்றின் முன்விளிம்பு பல்லிடுக்குப் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும், முன்னால் வந்தால் பற்களை மாறிமாறி இருபுறமும் வளைத்திருக்கும் விரிவு ஒரே நிமிடத்தில் போய்விடும். ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பிளேடின் இருபுறமும் மடித்துச் செருகி, இரண்டு கைடையும் நோட்டை லேசாகத் தொடும்படி நகர்த்தி முடுக்கி, நோட்டை உருவிவிடுங்கள். ஒரு பக்கத்தை அழுத்திவைத்துப் பிளேடை வளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியிலும் இதே வேலை. குனிந்து பார்க்க வேண்டியிருப்பதால் கீழ்க் கைடைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் வெட்டு வளைவதில் பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கும்.

பிறகு மேல் கைடை முழுக்க ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். மேலே சரியாக இருந்தது கீழே இறங்கினதும் பிளேடை உரசினால் தூண் சாய்ந்திருக்கிறது. அதைத் திருத்தத் திருகு இல்லாத இயந்திரங்களில், உயரம் மாற்றும்போதெல்லாம் கைடைத் திரும்பப் பார்ப்பது தவிர வழியில்லை.

கதவுகளை மூடி, கையால் இன்னொரு தரம் சுற்றி, பிளக்கைச் செருகி, ஒதுங்கி நின்று ஓட்டுங்கள்.

ஃபென்ஸும் பிளேடின் போக்கும்

ஒவ்வொரு பிளேடும் தனக்கென்று ஒரு போக்கு வைத்திருக்கும். மரத்தைச் சாய்த்துத் தள்ளுவதற்கு மேசையில் நிறுத்தும் தடுப்புதான் ஃபென்ஸ். அதைத் தொடாமலே இந்தப் போக்கைக் கண்டுபிடிக்கலாம். நேரான பலகையின் ஓரத்துக்கு இணையாகப் பென்சில் கோடு போட்டு, கையாலேயே கோட்டின் மேல் பாதி தூரம் அறுங்கள். கோட்டைவிட்டு விலகாமல் போவதற்குப் பலகையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தீர்களோ, அதே சாய்வில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். பலகையை அசைக்காமல் அதன் ஓரத்தை ஒட்டி மேசையில் ஒரு கோடு கீறுங்கள். அந்தக் கோட்டுக்கு இணையாக ஃபென்ஸை நிறுத்த வேண்டும். சாய்வு மிக அதிகமாக இருந்தால் ஃபென்ஸைத் திருப்புவதற்கு முன் தடத்தையும் பல்லையும் திரும்பப் பாருங்கள். ஒருபக்கப் பல் ஆணியில் பட்டு மழுங்கியிருந்தாலும் பிளேடு கூர் உள்ள பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

பலகை பிளக்க உயரமான ஃபென்ஸ் வேண்டும். விற்பனைக்குத் தேட வேண்டாம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு துண்டை மூலைமட்டமாகத் திருகிப் பிடித்தால் முடிந்தது. மரத்தின் ஒரு முகமும் ஒரு விளிம்பும் இழைத்து நேராக்கிய பிறகே ஃபென்ஸில் சாயுங்கள், முறுக்கிய மரத்தை வைத்து யாராலும் நேராக அறுக்க முடியாது. தள்ளும் வேகம் கைக்குப் பழக வேண்டும். தூள் சீராகக் கொட்டிக்கொண்டே இருந்தால் வேகம் சரி. மோட்டார் குரல் இறங்கினால் மெதுவாகுங்கள். மரம் கருகும் வாசனை வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

வெட்டின முகத்தில் நடு வயிறு தள்ளியிருந்தால் காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: மழுங்கிய பல், அதிகப்படியான டி.பி.ஐ., அவசரம், கடைசியாக டென்ஷன்.

உத்தரத்துக்கு வருகிறேன்

பழைய மரத்தை அறுக்கும் முன் அரைமணி நேரம் ஆணி தேடுங்கள். சக்தியுள்ள காந்தத்தை நூலில் கட்டி நாலு முகத்திலும் மெதுவாக ஓட்டினால் மேலாக இருப்பவை இழுக்கும். ஆழத்தில் தலை ஒடிந்து புதைந்தவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். என் உத்தரத்தில் இழைத்த முகத்தில் ஓரிடத்தில் மிளகு அளவு கருநீலப் புள்ளி, அதைச் சுற்றி ரேகையோடு நீண்ட கறை. உளியால் சுற்றிலும் தோண்டி, குறடால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தேன். மூன்று அங்குல நீளத்தில், கொல்லன் அடித்த சதுர ஆணி. துருவில் பாதி கரைந்து, முனை இன்னும் கூராகவே இருந்தது. அப்படி ஏழு எடுத்தேன். எட்டாவதைப் பிளேடு கண்டுபிடித்தது. அதனால்தான் மலிவான பிளேடை முதலில் மாட்டச் சொன்னேன்.

கை, மூச்சு

வட்ட ரம்பம்போல் பேண்ட்சா மரத்தை நம்மேல் எறியாது, பல் கீழ்நோக்கி மேசையில் அழுத்துகிறது. அந்த அமைதியால்தான் கை தைரியமாக அருகே போய்விடுகிறது. விரல் ஒருபோதும் பிளேடுக்கு நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது. வெட்டு முடியும் கடைசி மூன்று அங்குலத்துக்குத் தள்ளுகட்டை எடுங்கள். மேல் கைடு மரத்துக்கு 2 நூல் மேலே நிற்கட்டும், அதற்குமேல் பிளேடு வெளியே தெரிய வேண்டியதில்லை. உருண்டைக் கட்டையைச் சும்மா வைத்து அறுக்காதீர்கள், பல் பட்டதும் உருண்டு கையையும் இழுத்துக்கொள்ளும். வி வடிவத் தொட்டிலில் திருகிப் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். வளைவுக்குள் சிக்கிக்கொண்டால் ஓடும்போதே பின்னுக்கு இழுக்காதீர்கள், பிளேடு சக்கரத்திலிருந்து கழன்று வரும். அணைத்து, நின்றபின் எடுங்கள். தோளில் துண்டு, தொங்கும் கயிறு, லுங்கி முனை எதுவும் வேண்டாம். பிளேடு அறுந்தால் பெரும்பாலும் பக்கவாட்டில் தெறிக்கும், எனவே இயந்திரத்தின் வலப்பக்கம் குழந்தைகளை நிற்க விடாதீர்கள்.

மரத்தூளை 1995லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. பேண்ட்சாத் தூள் மாவுபோல் நைசானது. கீழ்ச் சக்கரப் பெட்டியிலும் மேசைக்கு அடியிலும் உறிஞ்சும் குழாய் பொருத்துங்கள், முடியாவிட்டால் என்-95 முகக்கவசமாவது போடுங்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் பயன் இல்லை.

வேலை முடிந்ததும்

பிசின் படிந்த பிளேடைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்து வையுங்கள். வார்ப்பிரும்பு மேசைக்கு மாதமொருமுறை மெழுகு தேய்த்துத் துணியால் வழித்துவிடுங்கள். கடலோர ஊரென்றால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. மரமும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒவ்வொரு நாளும் கடைசி வேலையாகப் பிளேடின் டென்ஷனைத் தளர்த்துங்கள். இறுக்கியபடி விட்டால் டயரில் பள்ளம் விழும், ஸ்பிரிங் சோர்ந்துவிடும். எத்தனை சுற்றுத் தளர்த்துகிறேன் என்பதைக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன், என் இயந்திரத்துக்கு ஐந்து. தளர்த்தியதும் பச்சைப் பொத்தானின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். மறுநாள் காலை அந்தத் துணியை அவிழ்ப்பதற்கு முன் ஐந்து சுற்று இறுக்கி, மேல் சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவது.